சர்க்கரை நோய், தூக்கக் கோளாறு, இதயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோய்க்காக மருத்துவரைப் பார்க்கப் போனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, பிபி, கொலஸ்டிரால் எல்லாம் பேசப்படும். ராத்திரி எப்படித் தூங்குகிறீர்கள் என்ற பேச்சு மட்டும் பல நேரம் எழுவதே இல்லை. அவர் கேட்காததால் நாமும் சொல்வதில்லை. குறட்டையையும் இரவில் நான்கு முறை எழுந்திருப்பதையும் வயதின் கணக்கில் எழுதிவிடுகிறோம். அந்த மௌனத்தால் இதயத்துக்கு நேரும் கேடு அதிகம் என்பதால்தான் இந்தக் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

பகலில் என் பிபி சரியாகத்தான் இருக்கிறது. தூக்கத்தைப் பற்றி ஏன் யோசிக்க வேண்டும்?

பகலில் எடுத்த அளவை வைத்து இரவில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஆரோக்கியமான ஒருவர் தூங்கும்போது ரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்கும். நாடித் துடிப்பும் குறையும். சர்க்கரை நோய் நெடுநாளாக இருந்து, இதயத்தையும் ரத்தக்குழாய்களையும் இயக்கும் தானியங்கி நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால் இந்த இறக்கம் நடப்பதில்லை. சிலருக்கு இரவில் அழுத்தம் ஏறவும் செய்யும். தூக்கத்தில் மூச்சு அடைபடும் பிரச்சினையும் சேர்ந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். காலை 11 மணிக்கு மருத்துவமனையில் பார்த்தபோது ஒழுங்காக இருந்த பிபி, அதிகாலை 3 மணிக்கு எங்கோ போயிருக்கலாம்.

பக்கவாதம், மாரடைப்பு போன்றவை யாருக்கு வரும் என்பதைப் பகல் அளவைவிட இரவு நேர அளவுதான் நன்றாக முன்கூட்டிக் காட்டுகிறது. கையில் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அளக்கும் 24 மணி நேர பிபி பரிசோதனை இதற்காகவே இருக்கிறது. மூன்று மருந்து எடுத்தும் பிபி அடங்காதவர்கள் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவருக்கு இதய நோய் வரும் வாய்ப்பு ஏற்கெனவே மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன்மேல் இன்னொரு சுமை தெரியாமல் ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.

தூக்கம் குறைந்தால் சர்க்கரை ஏறுமா?

ஏறும். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான இளைஞர்கள் 11 பேரை ஆறு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடல் குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்தது. மாலையில் கார்டிசோல் என்கிற மன அழுத்த ஹார்மோனின் அளவு கூடியது. உடலைப் பரபரப்பில் வைக்கும் நரம்பு மண்டலம் அதிகமாக வேலை செய்தது. சர்க்கரை நோயே இல்லாத இளைஞர்களுக்கு ஒரு வாரத்துக்குள் இந்த நிலை.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. சர்க்கரை ஏறினால் தாகம், சிறுநீர், கால் எரிச்சல் என்று தூக்கம் துண்டு துண்டாகும். எது முதலில் வந்தது என்று தேடுவதைவிட, இரண்டையும் சேர்த்துக் கவனிப்பதுதான் பலன் தரும்.

தூக்கத்தில் மூச்சுத்தடை என்றால் உள்ளே என்ன நடக்கிறது?

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளரும். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதை பாதியோ முழுவதுமோ மூடிக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் மூச்சை இழுக்கப் போராடும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை அரைகுறையாக எழுப்பும். ஒரு பெரிய குறட்டையோடு மூச்சு திரும்பும். தூங்கியவருக்குக் காலையில் இது எதுவும் நினைவிருக்காது.

குறைந்தது 10 விநாடி மூச்சு நின்றால் அதை ஒரு தடை என்று கணக்கிடுகிறார்கள். மூச்சு பாதியாகக் குறுகி ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 15 தடவை வரை என்றால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-ஐத் தாண்டினால் கடுமையானது. கடுமையான வகையில் சராசரியாக இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவையாவது மூச்சு தடைபடுகிறது.

ஒவ்வொரு தடவையும் அட்ரினலின் பாய்கிறது, பிபி குபீரென்று ஏறுகிறது. மூடிய பாதைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் உண்டாகும் உறிஞ்சு விசை இதயத்தின் மெல்லிய மேலறைகளை இழுத்து விரிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படி விரிந்த மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கலாம். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற அந்தத் துடிப்புக் கோளாறு பக்கவாதத்துக்கு ஒரு முக்கியக் காரணம். மின்அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கினாலும், மூச்சுத்தடையைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அது திரும்ப வருவது அதிகம். ஆக்சிஜன் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பது ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி, இன்சுலின் வேலை செய்வதையும் கெடுக்கிறது.

சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேருக்கு இது இருக்கும்?

நினைப்பதைவிட நிறையப் பேருக்கு. இரண்டாம் வகை சர்க்கரை நோயும் உடல் பருமனும் உள்ள 306 பேரைச் சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வு 2009-இல் வெளியானது. அதில் 86 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு அளவில் மூச்சுத்தடை இருந்தது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நடுத்தர அல்லது கடுமையான வகை. பருமன் இல்லாதவர்களையும் சேர்த்துப் பார்த்தால் விகிதம் குறையும்தான், ஆனாலும் அரிது என்று ஒதுக்க முடியாது. சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2008-லேயே இந்தத் தொடர்பைக் கவனிக்கச் சொல்லி அறிக்கை வெளியிட்டது.

நான் ஒல்லியான ஆள். எனக்கு வராதுதானே?

வரலாம். கீழ்த்தாடை சற்று உள்வாங்கியிருப்பது, தொண்டை குறுகலாக இருப்பது, டான்சில் பெரிதாக இருப்பது போன்றவை எடை குறைந்தவருக்கும் பாதையை அடைக்கும். பெண்களுக்கு மாதவிலக்கு நின்ற பிறகு வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அவர்களில் பலர் குறட்டையைப் பற்றிப் புகார் சொல்வதில்லை. தூக்கமே வரவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது, காலையில் தலைவலி என்றுதான் வருகிறார்கள். மனச்சோர்வு, ரத்தசோகை என்று வேறு பக்கம் சிகிச்சை போய்விடுகிறது. அம்மாவோ மாமியாரோ இப்படிச் சொன்னால், "வயசானா அப்படித்தான்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

தனியாகத் தூங்குகிறேன். எனக்கு எப்படித் தெரியும்?

காலையில் வாய் வறண்டு எழுவது, தலைபாரம், எத்தனை மணி நேரம் தூங்கினாலும் பகலில் தூங்கி வழிவது, வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது, மூச்சு அடைத்துத் திடுக்கிட்டு எழுவது ஆகியவை அறிகுறிகள். வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்றால் சோதனை முடிகிற வரை வண்டியை எடுக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

மருத்துவர்கள் எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள்: சத்தமான குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, உயர் ரத்த அழுத்தம், பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்கு மேல், ஆண் என்பது. மூன்றுக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் சோதனை பற்றிப் பேச வேண்டும். பட்டியலைப் பார்த்தாலே தெரியும், நடுவயதைத் தாண்டிய, பிபி உள்ள ஆண் ஒருவர் குறட்டையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே மூன்றைத் தொட்டுவிடுகிறார்.

ஃபோனில் இரவு முழுக்க ஒலியைப் பதிவு செய்து மருத்துவரிடம் போட்டுக் காட்டலாம், அது உண்மையிலேயே உதவும். கைக்கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் எண்ணை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். சர்க்கரைதானே காரணம்?

இருக்கலாம், ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. ரத்தச் சர்க்கரை ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போதுதான் பொதுவாகச் சிறுநீரில் கசியத் தொடங்கி, தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். ஆகவே படுக்கும்முன்னும் எழுந்த பிறகும் சர்க்கரையை அளந்து பாருங்கள். 220, 250 என்று வந்தால் காரணம் தெரிந்துவிட்டது. 130, 140 என்று இருந்தும் நான்கு முறை எழுகிறீர்கள் என்றால் வேறு காரணம் தேட வேண்டும்.

முதலில் நினைக்க வேண்டியது மூச்சுத்தடை. பலருக்கு இது வியப்பாக இருக்கும். மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறைகள் இழுபட்டு விரியும் என்று சொன்னேன் அல்லவா? உடலில் தண்ணீர் கூடிவிட்டது என்று அந்த அறைகள் தவறாகப் புரிந்துகொண்டு, தண்ணீரை வெளியேற்றும் ஒரு ஹார்மோனைச் சுரக்கின்றன. அதனால்தான் சிறுநீர். மூச்சுத்தடைக்குச் சிகிச்சை தொடங்கியதும் எழுந்திருப்பது சட்டென்று குறைந்துவிட்டதாகப் பலர் சொல்வதுண்டு.

அப்புறம், ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் கணுக்கால் வீங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதயம் பலவீனமானவர்களுக்குப் பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் மேலே ஏறிச் சிறுநீராக வெளியேறும். நீர் பிரிய வைக்கும் பிபி மாத்திரையையோ, சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையையோ மாலையில் எடுக்கிறீர்கள் என்றால் காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். பின்னவை இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மருந்துகள், தொந்தரவாக இருக்கிறதென்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சோதனை எப்படி இருக்கும்?

தூக்க ஆய்வகத்தில் ஓர் இரவு தங்கி மூளை அலை, மூச்சு, ஆக்சிஜன், இதயத்துடிப்பு எல்லாவற்றையும் பதிவு செய்வது முழுச் சோதனை. வீட்டிலேயே மாட்டிக்கொண்டு தூங்கும் சிறிய கருவியும் உண்டு, பலருக்கு அதுவே போதும். இதயச் செயலிழப்போ கடுமையான நுரையீரல் நோயோ இருப்பவர்களுக்கு ஆய்வகச் சோதனைதான் சரி. வலி எதுவும் இல்லை.

சிபாப் கருவி போட்டால் மாரடைப்பு வராதா?

இதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1981-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டையைத் திறந்தே வைக்கிறது. மூச்சுத்தடையை நிறுத்துவதில் இதன் பலன் சந்தேகத்துக்கு இடமில்லாதது. மாரடைப்பைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ வந்த சுமார் 2,700 பேரைச் சராசரியாக 3.7 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. கருவி கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் இதய நிகழ்வுகளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

அப்படியென்றால் வீண்தானா? இல்லை. அந்த ஆய்வில் கருவியை மாட்டிக்கொண்ட நேரம் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி வழிபவர்கள் அதில் சேர்க்கப்படவும் இல்லை. கருவி பெற்றவர்களுக்குப் பகல் தூக்கமும் குறட்டையும் குறைந்தன, மனநிலை மேம்பட்டது. பிபியும் ஓரளவு இறங்கும் என்று மற்ற ஆய்வுகள் காட்டுகின்றன, குறிப்பாக மருந்துக்கு அடங்காத பிபி உள்ளவர்களுக்கு.

எனவே சிபாப்பை நல்ல தூக்கத்துக்காகவும் பகல் விழிப்புக்காகவும் பிபிக்காகவும் போடுங்கள். இதயத்தைக் காக்கும் பொறுப்பை அதன் தலையில் மட்டும் கட்டாதீர்கள். கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை, பிபி மாத்திரை, சர்க்கரைக் கட்டுப்பாடு, புகையை விடுவது ஆகிய எதையும் "கருவிதான் இருக்கிறதே" என்று தளர்த்தக் கூடாது.

கருவி போட்டால் சர்க்கரை குறையுமா?

ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் சற்றுக் குறைந்தது, சிலவற்றில் மாற்றமே இல்லை. ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். கனவுகள் அதிகம் வரும் ரெம் தூக்கம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில்தான் வருகிறது. அந்த நேரத்தில் தசைகள் மிகவும் தளர்ந்து மூச்சுத்தடை நீண்டு கடுமையாகும். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை மோசமாக இருப்பதோடு ரெம் நேர மூச்சுத்தடைக்குத் தொடர்பு இருப்பதாகவும் தெரியவந்திருக்கிறது. பத்து மணிக்கு மாட்டி இரண்டு மணிக்குக் கழற்றி வைப்பவர், அதிகம் தேவைப்படும் நேரத்தில் கருவி இல்லாமல் தூங்குகிறார். மூக்கு வறள்கிறது, முகமூடி உறுத்துகிறது என்றால் கருவியை மூலையில் வைத்துவிடாமல் போய்ச் சொல்லுங்கள். வேறு அளவு முகமூடியும் ஈரப்பதமூட்டியும் பெரும்பாலும் சரிசெய்துவிடும்.

எடையைக் குறைத்தால் போய்விடுமா?

சிலருக்கு முழுவதும், பலருக்குப் பாதி. மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் தீவிர உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்கள் ஓராண்டில் சராசரியாக 10 கிலோவுக்கு மேல் குறைத்தார்கள். அவர்களில் ஏழில் ஒருவருக்கு மூச்சுத்தடை முழுவதுமாக நீங்கியது. அந்தத் திட்டத்தில் இல்லாத மற்ற குழுவில் அப்படி நீங்கியவர்கள் மிகக் குறைவு. 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான மூச்சுத்தடை உள்ள பெரியவர்களுக்கு, எடையைக் குறைக்கும் டிர்செபடைட் ஊசியை அங்கீகரித்தது. எடை குறைந்ததும் கருவியை நீங்களாக நிறுத்தாமல், மறுபடி சோதித்துப் பார்த்து முடிவெடுங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு எடை இறங்க இறங்க அளவைக் குறைக்க வேண்டிவரும். இல்லாவிட்டால் அடுத்த கேள்வியில் வரும் ஆபத்துக்குள் போய்விடுவீர்கள்.

நடுராத்திரியில் வியர்த்துக் கொட்டி எழுகிறேன். என்ன அது?

உடனே சர்க்கரையை அளந்து பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இன்சுலின் எடுப்பவர்களுக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இரவில் சர்க்கரை இறங்குவது உண்டு. கெட்ட கனவு, காலையில் தலைவலி, ஈரமான தலையணை ஆகியவை தடயங்கள். தூக்கத்தில் உடலின் எச்சரிக்கை மணி மெதுவாக அடிப்பதால் பலர் எழுவதே இல்லை.

இதை இதயக் கேள்வியாகவும் பார்க்க வேண்டும். சர்க்கரை இறங்கும்போது இதயத்தின் மின்னோட்டம் குலைந்து துடிப்பு மிக மெதுவாகவோ தாறுமாறாகவோ போகலாம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. ஒரே ஒரு முறை நடந்தாலும் மருத்துவரிடம் சொல்லி மருந்தளவைப் பாருங்கள். ஒட்டிக்கொள்ளும் தொடர் சர்க்கரை அளவி கிடைத்தால் இரண்டு வாரம் போட்டுப் பார்ப்பது இரவைத் தெளிவாகக் காட்டிவிடும்.

சர்க்கரை சரியாக இருந்தும் வியர்த்தால் மூச்சுத்தடையோ இதயமோ காரணமாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரக்கூடும். திடீர் வியர்வையோடு மூச்சிரைப்பு, தாடையிலோ கையிலோ பாரம், காரணம் தெரியாத பெரும் அசதி சேர்ந்து வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் சரியாகிறது. இதுவும் மூச்சுத்தடையா?

பெரும்பாலும் இல்லை. மூச்சுத்தடையில் எழுந்த சில நொடிகளில் மூச்சு சீராகிவிடும். படுத்து ஓரிரு மணி நேரத்தில் திணறி எழுந்து, உட்கார்ந்தோ சன்னலோரம் நின்றோ பல நிமிடம் கழித்துத்தான் அடங்குகிறது, தலையணை ஒன்றிலிருந்து மூன்றாகிவிட்டது, கால் வீங்குகிறது என்றால் இதயச் செயலிழப்பை நினைக்க வேண்டும். உடனே காட்டுங்கள்.

பலவீனமான இதயம் உள்ளவர்களுக்கு, மூளை மூச்சுக்கு உத்தரவிடுவதே விட்டுவிட்டு நடக்கும் இன்னொரு வகை மூச்சுத்தடையும் வரும். அதற்குத் தரப்பட்ட ஒரு சிறப்பு வகைக் கருவி, இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ளவர்களிடம் இதய மரணங்களை அதிகரித்ததாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. உறவினர் வைத்திருந்த கருவியை வாங்கி மாட்டிக்கொள்ளும் யோசனை ஏன் கூடாது என்பதற்கு இதுவே போதும்.

இரவில் கால் குடைச்சல் தூங்க விடுவதில்லை.

இரண்டு வெவ்வேறு காரணங்கள் இதில் கலந்துபோகும். காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, எழுந்து நடந்தால் அடங்குகிறது, மாலையிலும் இரவிலும்தான் வருகிறது என்றால் அது அமைதியற்ற கால் கோளாறு. பாதத்தில் காந்தல், மதமதப்பு, நடந்தாலும் போகவில்லை என்றால் சர்க்கரையால் வந்த நரம்புப் பாதிப்பு. முதல் வகைக்கு இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கு பி12 குறைந்தும் கால் மதமதக்கும், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை எடுக்கலாமா?

மூச்சுத்தடை இல்லை என்று தெரியாமல் வேண்டாம். பல தூக்க மாத்திரைகளும் மதுவும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும், மூளை எழுப்புவதையும் தாமதமாக்கும். நாட்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாக 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல. படுக்கை நேரத்தை ஒழுங்குபடுத்தி, தூக்கம் பற்றிய பயத்தைக் களையும் நடத்தைசார் சிகிச்சையைத்தான். சில வாரங்கள் பிடிக்கும், பலன் நீடிக்கும்.

எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்?

பெரியவர்களுக்கு 7 முதல் 9 மணி நேரம். அமெரிக்க இதயச் சங்கம் 2022-இல் இதய நலத்துக்கான தன் எட்டு அளவுகோல்களில் ஒன்றாகத் தூக்கத்தைச் சேர்த்தது. ஒன்பதைத் தாண்டியும் தூக்கம் போதவில்லை என்றால் அது நல்ல தூக்கத்தின் அடையாளம் அல்ல. காரணத்தைத் தேட வேண்டும்.

அறுவை சிகிச்சை வரப்போகிறது. மூச்சுத்தடை பற்றிச் சொல்ல வேண்டுமா?

மயக்க மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மயக்க மருந்தும் அதன் பிறகு தரும் வலுவான வலி நிவாரணிகளும் மூச்சுத்தடையை மோசமாக்கும். உங்கள் சிபாப் கருவியையும் முகமூடியையும் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோங்கள். சோதனை செய்யாமல் சந்தேகம் மட்டும் இருந்தாலும் அதையும் சொல்லுங்கள், கண் விழிக்கும் அறையில் உங்கள் ஆக்சிஜனைக் கூடுதல் நேரம் கண்காணிப்பார்கள்.